கனவு காருக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்?

போர்ஷ் கார் எங்கே தயாராகிறது என்று கேட்டால் எல்லாரும் ஜெர்மனி என்பார்கள். அது பாதிப் பதில்தான். 2022ஆம் ஆண்டிலிருந்து நம் கெடா மாநிலத்தின் குலிமிலும் போர்ஷ் கயென் பொருத்தப்பட்டு வெளியே வருகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்த நிறுவனம் கார் பொருத்த முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த இடம், பாடாங் மேஹாவில் உள்ள சைம் டார்பியின் இனோக்கோம் தொழிற்சாலை. பாடாங் மேஹா என்றதும் நம் பெரியவர்களுக்கு ரப்பர் தோட்டமும் தமிழ்ப்பள்ளியும்தான் நினைவுக்கு வரும். மெர்போக்கிலிருந்து சுங்கை பட்டாணி வழியாகப் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். மாலையில் ஷிப்ட் முடிந்து வாசலில் நின்று பார்த்தால் தெரியும்: மோட்டார்சைக்கிள், மைவி, பழைய சாகா. உள்ளே பொருத்துவது ஒரு வண்டி, வெளியே ஓட்டுவது வேறு வண்டி. இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் கண்ணெதிரே ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் 25 வயதுப் பையனுக்கு ஆசை வராமல் இருக்குமா?

நான் பன்னிரண்டு ஆண்டுகள் சுங்கை பட்டாணியில் ஒரு வங்கியின் வாகனக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். மெர்போக் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். அடுத்து பெரிய கிராணியாருடையது. மற்றவர்களுக்குச் சைக்கிள். பிறகு ஹோண்டா கப் வந்தது. அதில் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள். 1985இல் புரோட்டோன் சாகா, 1994இல் கஞ்சில், 2005இல் மைவி. லயத்து வாசலுக்குக் கார் வந்த கதை இந்த மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அந்த வரிசையில் அடுத்தது ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரு பையன் நினைத்தால் அதை ஆணவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். வயது 26, குலிமில் டெக்னீஷியன். இரண்டு மாதத்திற்கு முன் வந்தான். "மாமா, ஒரு ஜிஆர்86 பார்த்து வச்சிருக்கேன். லோன் கெடைக்குமான்னு மட்டும் சொல்லுங்க. அம்மா கேரண்டர் போடுறேன்னு சொல்லிட்டாங்க" என்றான். அக்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவர். தலை தூக்கும் பிள்ளை கேட்டால் எந்தத் தாயும் கையெழுத்துப் போடுவார்.

காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு

அவனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காகிதத்தை எடுத்தேன். வண்டி விலை மூன்று லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 30,000. மீதி 2,70,000 வெள்ளிக்கு ஒன்பது ஆண்டுக் கடன். நமக்குப் பழக்கமான நிலை வட்டி முறையில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 72,900. மொத்தத்தை 108 மாதங்களால் வகுத்தால் மாதத் தவணை 3,175 வெள்ளி.

காப்புறுதி ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மாதம் 667. சாலை வரி இந்த வண்டிக்குப் பெரிய சுமை இல்லை. 2,387 சிசி எஞ்சினுக்கு 767 வெள்ளிதான். ஆனால் சிசி ஏற ஏற இந்த வரி எப்படித் தாவும் என்பதைப் பலர் அறிவதில்லை. 1,500 சிசி மைவிக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. ஐந்து லிட்டர் முஸ்டாங்குக்குப் பத்தாயிரத்து தொள்ளாயிரம் வெள்ளி. 3,000 சிசிக்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு கூடும். பழைய முஸ்டாங் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் சிக்குவது இங்கேதான். வண்டியின் விலை குறையும், அதன் எஞ்சின் அளவு குறையாது.

ஆக, பெட்ரோல் ஊற்றாமல், டயர் மாற்றாமல், வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தாலே மாதம் நான்காயிரம் வெள்ளியை ஒட்டிச் செலவு.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். மாதம் பத்தாயிரம் வெள்ளி வாங்கும் திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இபிஎஃப் 11 விழுக்காடு, வருமான வரி, சொக்சோ எல்லாம் போனால் கைக்கு வருவது எட்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே. அதில் பாதியைக் கார் தின்றுவிடும். வாகனச் செலவு முழுவதும் கைக்கு வரும் பணத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. வங்கிகள் இதைவிடத் தாராளமாகக் கொடுக்கும். அது அவர்கள் வியாபாரம். என் அளவின்படி பார்த்தால் இந்த வண்டிக்குக் கையில் பதினாறாயிரம் வர வேண்டும்.

பையன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

மலிவான வழி என்று ஒருவர் காட்டியது

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய ஆபத்து. வங்கிக் கடன் வேண்டாம், 'சம்போங் பாயார்' போதும் என்று ஒரு நண்பன் சொல்லியிருக்கிறான். கடன் கட்ட முடியாத ஒருவரிடமிருந்து வண்டியை எடுத்து, அவர் கையில் சில ஆயிரம் கொடுத்துவிட்டு, மீதித் தவணையை நாம் கட்டுவது. கடன் அவர் பெயரில், வண்டி நம் கையில்.

பெற்றோர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தவணைக் கொள்முதலில் கடைசிக் காசு கட்டும் வரை வண்டி வங்கிக்குச் சொந்தம். அதன் சம்மதமில்லாமல் கைமாற்றுவது சட்டவிரோதம். நாம் ஒழுங்காகக் கொடுக்கும் பணத்தை இடையில் இருப்பவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் காலையில் வண்டி வாசலில் இருக்காது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வங்கி வண்டியை எடுத்துக்கொள்ள 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் இடம் தருகிறது. அந்த அறிவிப்பும் நம் முகவரிக்கு வராது, பெயர் யாருடையதோ அவருக்குத்தான் போகும். விபத்து நடந்தால் காப்புறுதிச் சிக்கல் தனி.

கேரண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகக் காருக்கு லாப நோக்கமில்லாமல் கையெழுத்துப் போட்டவரை 'சமூக உத்தரவாதி' என்கிறார்கள். 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அவரைத் திவாலாக்க முடியாது. இது நல்ல செய்திதான். ஆனால் பணம் கேட்டு வழக்குப் போடலாம், சொத்தின் மேல் கை வைக்கலாம். கடன் வாங்கிய பையனுக்கோ அந்தப் பாதுகாப்பும் இல்லை. கடன் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டால் திவால் வழக்குப் போட முடியும். வண்டியை வங்கி ஏலம் விட்ட பிறகு மிஞ்சும் பாக்கியும் கடன்தான். கார் போய்விட்டதால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் சமுதாயத்தில் இளைஞன் ஒருவன் விலையுயர்ந்த காரில் கோயில் திருவிழாவுக்கு வந்தால், முதலில் எழும் கேள்வி "என்ன வேல செய்யிறான்?" என்பது. அதில் பாராட்டு இருக்காது, சந்தேகம்தான் இருக்கும். நேர்மையாகச் சம்பாதித்த பிள்ளைக்கும் அதே பார்வை. தவறான வழியில் பணம் பார்த்த சிலர் அந்தப் பெயரை மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நேர்மையாக வாங்கியவர்கள் எப்படி வாங்கினோம் என்று வாய் திறந்து சொல்லாததும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

பாய்லர்காரர் மகன்

அவருக்கு 41 வயது. பெயர் போட வேண்டாம் என்றார். பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால் மரம் சீவியவர். அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். எஸ்பிஎம் சுமார்தான். மின்சாரப் பிரிவில் திறன் சான்றிதழ் படித்து ஒயர்மேன் ஆனார். பிறகு எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் தேர்வு. முதலில் குறைந்த மின்னழுத்தம், சில ஆண்டுகள் கழித்து உயர் மின்னழுத்தம்.

இந்தத் தொழிலை நம் பெற்றோர்கள் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை என்பது என் கருத்து. பெரிய மின் இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலையும் மருத்துவமனையும் பேரங்காடியும் தகுதிச் சான்றிதழ் உள்ளவரை வைத்துத்தான் அதை இயக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்குறைப்பு வந்தாலும் அந்த நாற்காலி காலியாக இருக்க முடியாது. 1996இல் திறக்கப்பட்ட குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்று இன்டெல், இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. 2024இல் இன்ஃபினியோன் அங்கே திறந்த புதிய ஆலை செய்வது சிலிக்கன் கார்பைட் சில்லுகள். மின்சாரக் கார்களுக்குள் போகிறவை. மின்சாரம் ஒரு நொடி தடைபட்டாலும் பெரும் நட்டம் ஏற்படும் இடங்கள் இவை. அங்கே சார்ஜ்மேனுக்கு மரியாதை தனி.

நம் வட்டாரத்துக்கு இது புதிதும் இல்லை. மெர்போக் ஆற்றங்கரையில், சுங்கை பத்துவில், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கடாரம் என்று பள்ளியில் படித்ததை ராஜேந்திர சோழனோடு நிறுத்திவிடுகிறோம். அங்கே உலை ஊதியவர்களை யாரும் நினைப்பதில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.

இவர் சான்றிதழோடு நிற்கவில்லை. வேலை செய்துகொண்டே பகுதி நேரமாக டிப்ளோமா முடித்தார். பிறகு சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகள். ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கும் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அங்கே வாடகையும் தனிமையும் எவ்வளவு என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பணத்தில் முதலில் அப்பாவுக்குச் சுங்கை லாலாங்கில் வீடு வாங்கினார். இப்போது குலிமில் ஒரு தொழிற்சாலையின் கட்டட, மின் பராமரிப்புக்குப் பொறுப்பாளர்.

கார் எப்படி வந்தது? அவர் சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. "மைவிக்குக் கடன் முடிஞ்சதும் தவணைய நிறுத்தல அண்ணே. மாசம் ஆயிரத்து இருநூறு எனக்கே கட்டிக்கிட்டேன்." எட்டு ஆண்டுகள். லாப ஈவைச் சேர்க்காமலே 1,15,200 வெள்ளி. பெரும்பகுதி அமானா சஹாமில் இருந்தது. பணத்தைத் தொடத் தோன்றிய மாதங்களில் தனக்கு இந்தக் கார் உண்மையிலேயே வேண்டுமா என்று தெரிந்துபோகும் என்றார்.

இன்னொரு வேலையும் செய்தார். அந்த எட்டு ஆண்டுகளில் மைவிக்கு ஒருமுறைகூடக் காப்புறுதி இழப்பீடு கேட்கவில்லை. ஐந்தாண்டு கேட்காதவருக்கு 55 விழுக்காடு தள்ளுபடி. இந்த என்சிடி வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. மைவியைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு, அதைப் புதிய வண்டிக்கு எடுத்துக்கொண்டார். எட்டாயிரம் வெள்ளி காப்புறுதி என்றால் அது 3,600 ஆகிவிடும். சின்னக் கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்டுப் பழகியவர்கள் இழப்பது இதைத்தான்.

வாங்கியது போர்ஷ் அல்ல. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு லிட்டர், கூரை திறக்கும் இருவர் கார். சாலை வரி 379 வெள்ளி. கடன் மிகச் சொற்பம், மூன்றே ஆண்டில் முடித்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை சிப்பாங் ஓட்டப் பாதையில் பொதுமக்கள் கட்டணம் கட்டி ஓட்டும் நாளில் போய் ஓட்டுகிறார். 2005இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 போட்டியில் பதினோராவதாக வந்த அதே பாதை. நரேனுக்கே பின்னால் டாட்டா போன்ற ஆதரவாளர்கள் நிற்க வேண்டியிருந்தது. அஜித்குமார் என்ஃபீல்டில் பயிற்சி மெக்கானிக்காகத் தொடங்கி, பிறகு சினிமாவில் உழைத்தவர். அவருடைய அணி 2025இல் துபாய் 24 மணி நேரப் போட்டியில் போர்ஷ் ஓட்டி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஓடும் காருக்குப் பின்னால் ஓடாமல் நிற்கும் ஒரு வேலை இருக்கிறது.

அக்கா மகன் இந்த எழுத்து அச்சுக்குப் போகும் வரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. போடவே மாட்டான் என்று நான் உறுதி சொல்ல முடியாது. போன வாரம் பாய்லர்காரர் மகனின் தொலைபேசி எண்ணைக் கேட்டான். கொடுத்தேன். சார்ஜ்மேன் வகுப்பைப் பற்றிப் பேசினானா, எம்எக்ஸ்-5 பற்றிப் பேசினானா, தெரியவில்லை.

அவருடைய அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கார் வந்த நாளில் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுற்றுப் போய் வந்திருக்கிறார்கள். இருக்கை தரையோடு தரையாக இருந்ததால் அம்மாவை வெளியே தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். அதன் பிறகு அவர் அதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகத் தம்பியின் மைவியைத்தான் வரச்சொல்கிறார்.