காஞ்சி யாத்திரையும் தேக ஆரோக்கியமும்

தொண்டை நாட்டின் பழம்பெரும் நகராகிய காஞ்சிபுரத்திற்கு வருவோருள் தெய்வ தரிசனத்தின் பொருட்டு வருவோர் ஒரு சாரார். மணவினைக்குப் பட்டுப்புடவை வாங்க வருவோர் மற்றொரு சாரார். இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் திரும்புவோரும் பலர். இந்நகரின் சிற்பத்தையும் நெசவையும் பற்றி எழுதியோர் அநேகர். ஆயின், வருவோர் நலமுடன் வீடு திரும்புதல் எவ்வாறு என்பதை நாம் அதிகமாய்ச் சிந்திப்பதில்லை. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில் நீருக்கடியில் வைக்கப்பெற்றுள்ள அத்திமரத் திருவுருவம் நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறையே வெளியே எழுந்தருளும். 1979-ஆம் ஆண்டிற்குப் பின், 2019-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதிவரை அவ்வைபவம் நடந்தேறியது. தரிசித்தோர் தொகை ஒரு கோடிக்கு மேற்பட்டதெனக் கணக்கிட்டனர். ஜூலை 18-ஆம் நாள் அக்கூட்டத்திடையே நால்வர் உயிர் துறந்தனர். தரிசனத்திற்கு வந்தவர் பிணமாய்த் திரும்புவதினும் துயரமானது யாது?

பெருங்கூட்டத்தில் மாள்வோர் யாவரும் மிதியுண்டே மாள்கின்றனர் என்பது பொதுமக்கள் எண்ணம். உண்மை அதுவன்று. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஆறேழு பேர் நெருங்கி நிற்பின், அவர்கள் தம் விருப்பப்படி அசைய இயலாது. நீரலை போல் கூட்டமே அவர்களைத் தள்ளிச் செல்லும். அவ்வமுக்கத்தால் மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு அடைபடும். ஆகவே நெரிசல் மிகும்போது இரு கைகளையும் மடக்கி மார்பின் முன் வைத்து, மூச்சுக்கு இடம் தேடிக்கொள்ளல் வேண்டும். கீழே வீழ்ந்த பொருளை எடுக்கக் குனிதல் கூடாது. எதிர்த்துத் தள்ளாது, தள்ளு தணியுந்தோறும் குறுக்காக நகர்ந்து ஓரத்தை அடைதலே தக்கது.

நிற்க. நெரிசலினும் மறைவாய் வருத்துவன வெயிலும் நீர் வேட்கையும். நெடுநேரம் வரிசையில் நிற்போருள், சிறப்பாக முதியோரும் பெண்டிரும், இடையில் ஒதுங்க வசதியிராதென அஞ்சி நீர் அருந்தாதே நிற்கின்றனர். வியர்வையால் நீரும் உப்பும் குறையவே, தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகின்றன. தேகம் அனலாய்க் கொதிக்க, பேச்சுத் தடுமாறுமாயின், அது உயிருக்கு இடையூறான நிலை. அவரை உடனே நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, வைத்தியருக்குச் சொல்லியனுப்புதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் வார்த்தல் ஆகாது.

இனி, குடிநீரைப் பற்றிச் சில கூறுவோம். பெருநகர்களைத் தூய்மையற்ற நீர் எங்ஙனம் அழித்ததென்பதற்கு லண்டனே சான்று. 1854-ஆம் ஆண்டு அங்கு பிராட் தெருவைச் சூழ்ந்த பகுதியில் வாந்திபேதியால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர், அந்நோய் அத்தெருவின் நீரேற்றுக் குழாயிலிருந்து பரவுவதைக் கண்டுரைத்து, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அந்நோய்க்கு எளிய மருந்தின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் நம் நாட்டவரே. 1971-இல் வங்கத்து அகதிகள் முகாமில், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பருகச் செய்தே திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் எண்ணற்ற உயிர்களைக் காத்தார். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்தால் அந்நீர் கிடைக்கும். பேதி கண்டவர்க்கு இதனை அடிக்கடி சிறுகச் சிறுக அளித்தல் நலம்.

காஞ்சியின் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தப்பெற்று, மாலை நான்கு மணியளவில் திறக்கப்பெறும். நடை சாத்துமுன் சென்றுவிட வேண்டுமென்று விரைவதாலேயே முற்பகலில் நெரிசல் மிகுகின்றது. விடியலில் தரிசனத்தை முடித்து, உச்சிவேளையைப் பட்டுக்கடையின் நிழலில் கழிப்பவர், கொதிக்கும் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நிற்கும் துன்பத்தினின்றும் தப்புவர்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பல மணி நேரம் காத்து நின்றவருக்கு, தேகம் எச்சரித்தும் வரிசையை விட்டு விலக மனம் வருவதில்லை. விலகுதல் பக்திக் குறைவன்று. பிறிதொரு நாள் வருவதற்கு உயிரைக் காத்துக்கொள்ளும் விவேகமேயாம். இதனை முதியோர்க்கு அன்புடன் எடுத்துரைத்து உடன் அழைத்து வருவது இளைஞர் கடமை.

நாற்பதாண்டுக் கணக்கின்படி அத்திருவுருவம் மீண்டும் எழுந்தருளுவது 2059-ஆம் ஆண்டில். இன்று நம் கல்லூரியில் பயில்வோர் அப்பொழுது ஐம்பது பிராயத்தைக் கடந்திருப்பர். அதுவரை காத்திராது, ஆண்டுதோறும் வைகாசித் திருவிழாவில் நம் மாணவர்கள் தொண்டர்களாய்ச் சென்று, நீர் வழங்கியும் முதியோர்க்கு வழிவிடச் செய்தும் பணிபுரிவரேல், இங்குக் கூறியவை ஏட்டளவில் நில்லாது பயன் தருவனவாகும்.