ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும்: கிராபிக்ஸ் வேலைக்கு எந்த வழி?

விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரிலேயே லினக்ஸையும் வைத்துக் கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று டூயல் பூட். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கி, கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எது வேண்டும் எனத் தேர்ந்தெடுப்பது. மற்றொன்று விர்ச்சுவல் மெஷின். விண்டோஸ் இயங்கிக் கொண்டிருக்கும்போதே ஒரு விண்டோவுக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல லினக்ஸை இயக்குவது.

டூயல் பூட் நம் ஊருக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் மாணவர்களுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பெயர்தான் டூயல் பூட் என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம்.

அப்படி ஒரு மடிக்கணினியில் படித்தவர்தான் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி. இப்போது கல்யாண ஆல்பம் வடிவமைத்துத் தருகிறார். புதிதாக லேப்டாப் வாங்கியிருந்தார். 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி. அனிமேஷன் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்கள் பலவற்றில் லினக்ஸ்தான் ஓடுகிறது என்பதால் அதையும் பழக நினைத்தார். "அண்ணா, பழைய மடிக்கணினியில இருந்த மாதிரி இதுலயும் ரெண்டையும் போட்டுடலாமா?" என்று கேட்டார். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக் கொண்டிருந்தன. நான்கு வீட்டுக் கல்யாணப் படங்கள் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தன. வேறு காப்பி இல்லை.

அதனால் முதலில் விர்ச்சுவல் மெஷினையே போட்டுப் பார்த்தோம். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான். லினக்ஸ் முழுவதும் ஒரு பெரிய ஃபைலாக விண்டோஸுக்குள் உட்கார்ந்து கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அந்த ஃபைலை நீக்கி விட்டால் போதும், விண்டோஸுக்கு ஒரு கீறலும் விழாது. டெர்மினல் கட்டளைகள் பழக, ஜிம்ப்பில் சிறிய படங்களைத் திருத்த, இங்க்ஸ்கேப்பில் ஒரு லோகோ வரைய இது தாராளமாகப் போதும்.

பிளெண்டரைத் திறந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. ஒரு சின்ன காட்சியை ரெண்டர் செய்யக் கொடுத்து விட்டு, டீ குடித்துத் திரும்பி வந்தும் அது முடியவில்லை.

ஏன் இப்படி?

விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் லினக்ஸ் உங்கள் நிஜ கிராபிக்ஸ் கார்டைப் பார்ப்பதே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் ஒரு போலிக் கார்டைத்தான் பார்க்கிறது. அதற்கு அதிகபட்சமாக 256 எம்பி வீடியோ மெமரிதான் ஒதுக்க முடியும். பிளெண்டர் 4 வரிசைக்குக் குறைந்தபட்சத் தேவையே 2 ஜிபி! என்விடியா கார்டின் கூடா வசதியும் உள்ளே எட்டாது. ஆகவே கார்டு செய்ய வேண்டிய வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. அந்தப் பிராசஸரையும் ராமையும் விண்டோஸோடு பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். 8 ஜிபியில் லினக்ஸுக்கு 4 கொடுத்தால் இரண்டுமே திணறும்.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ இந்த விஷயத்தில் மேல். 3டி வசதி கூடுதல். 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அதுவும் நிஜ கார்டை அப்படியே கொடுப்பதில்லை. கார்டையே விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒப்படைக்கும் 'பாஸ்த்ரூ' என்ற முறை உண்டு. அது லினக்ஸை அடிப்படையாக வைத்து, பெரும்பாலும் இரண்டு கார்டு உள்ள டெஸ்க்டாப்பில் செய்கிற வேலை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

(ஒரு சின்ன செய்தி. விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவின் கீழே பச்சை நிறத்தில் ஆமைப் படம் தெரிகிறதா? விண்டோஸின் ஹைப்பர்-வி உள்ளே ஓடுவதால் வேகம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு!)

எந்தப் பக்கம் கனமான வேலை?

என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். போட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. எனவே ஆல்பம் வேலைக்கு விண்டோஸ் நேரடியாக இயங்கியே ஆக வேண்டும். பிளெண்டரோ விண்டோஸிலும் நன்றாகவே ஓடும். பிளெண்டர் கற்றுக் கொள்வதற்காக மட்டும் யாரும் லினக்ஸ் போட வேண்டியதில்லை. லினக்ஸிலேயே நாள் முழுக்க 3டி வேலை பழக வேண்டும் என்றால்தான் டூயல் பூட் தேவை. அப்போது கார்டு, ராம், பிராசஸர் மூன்றும் முழுமையாக லினக்ஸுக்கே கிடைக்கும்.

ஆனால் டூயல் பூட்டில் டிஸ்க்கையே பிரிக்கிறோம். நடுவில் கரண்ட் போனாலோ, தவறான பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தாலோ உள்ளே இருப்பது போய் விடலாம். அது அடுத்த வீட்டுக் கல்யாணப் படமாக இருந்தால் என்ன பதில் சொல்வது? பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், தாலி கட்டும் படத்தைத் திருப்பி எடுக்க முடியாது. எனவே எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைத் திறந்தும் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

அடுத்து பிட்லாக்கர். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதன் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்தி விடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாது, அதன் டிரைவ்களை லினக்ஸிலிருந்து எழுதுவது ஆபத்து. லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும், விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும் எடுத்துக் கொள்வதால் வரும் குழப்பம் அது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் உள்ள டூயல் பூட் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. முகூர்த்த சீசனில் ஒருவருக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பியிடம் இரண்டையும் சொன்னேன். ஆவணி முடியும் வரை விர்ச்சுவல் மெஷினில் கட்டளைகள் மட்டும் பழகுவது என முடிவு செய்தார். அவர் லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. சீசன் முடிந்ததும் தனி எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸ் டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸை அதில் போட்டோம். அதற்கு முன் பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் இயக்கி வை-ஃபை, சவுண்ட், திரை எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்துக் கொண்டோம். இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்தி, வேண்டிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் கீ சில லேப்டாப்களில் எஃப்12, சிலவற்றில் எஃப்9. உங்களுடையதற்கு எது என்று லேப்டாப்புடன் வந்த கையேட்டில் பாருங்கள்.