காக்கையும் பனம்பழமும் சளி மாத்திரையும்

மூக்கடைத்து மூச்சு முட்டும் மூன்றாம் நாளில்தான் பலரும் மருந்துக்கடைக்குப் போவார்கள். மாத்திரை போட்ட மறுநாள் மூக்கு திறந்துகொள்ளும். உடனே அதற்குக் "கைகண்ட மருந்து" என்று பெயர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

சாதாரணச் சளி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் மிளகு ரசம் குடித்திருந்தாலும் பெயர் ரசத்துக்குத்தான்.

மாத்திரையின் பங்கை எப்படிப் பிரித்தறிவது? பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு அச்சு அசலாக அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின் என்ற மருந்து சறுக்கியது இங்கேதான். வாய்வழி உட்கொண்டால் மூக்கடைப்புக்கு அது பயன் தருவதாக ஆதாரம் இல்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவினர் 16 பேரும் ஒருமனதாக வாக்களித்தனர். குடலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடுவதால், மூக்குவரை போய்ச் சேருவது சொற்பம்.

"பிறகு ஏன் இத்தனை வருஷம் விற்றது?" இதுவும் சொத்தை வாதம். போதைப்பொருள் காய்ச்சப் பயன்பட்டதால், 2006இல் அமெரிக்காவில் சூடோஎஃபெட்ரின் என்ற இன்னொரு மூக்கடைப்பு மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது. காலியான அலமாரியில் ஃபினைலெஃப்ரின் ஏறிக்கொண்டது.

மூக்கில் நேரடியாக அடிக்கும் ஸ்பிரேவுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. நம்மூர்ச் சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலுக்குப் பக்கத்திலேயே ஃபினைலெஃப்ரின் பெயரும் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.