லைன் நிற்கும் பயம்

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் உலகையே ஆட்டிப்படைத்தபோது, ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் தப்பவில்லை. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பிறகும் உலகம் முழுக்க எத்தனையோ இடங்களில் அதைப் போடாமலே வைத்திருந்தார்கள். ஆலைகளைப் பொறுத்தவரை இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அப்டேட் போட்டு உற்பத்தி லைன் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் அங்கே நிஜம்.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பாதுகாப்புக்குப் போடும் ஆன்டிவைரஸே வேலையைத் தடுத்துவிடலாம். டெஸ்டிங் மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர், ஒவ்வொரு பாகத்தின் அளவையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அதே ஃபைலை ஆன்டிவைரஸ் சோதிப்பதற்காகத் திறந்து பிடித்துக்கொண்டால், எழுத வந்த மென்பொருள் காத்து நிற்கும், அல்லது எரர் காட்டும். பாகம் நல்ல பாகம்தான். ஆனால் பதிவு இல்லை. பதிவு இல்லாததைக் கார் கம்பெனிக்கு அனுப்ப முடியாது.

சில சமயம் காவல்காரனே வீட்டுக்காரனை அடித்துவிடுகிறான். 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஃபைலால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் உறைந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், முடங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக ஆள் உட்கார்ந்துதான் மீட்க வேண்டியிருந்தது.

லைன் நின்றுவிடும் என்ற இந்தப் பயத்தால்தான் நைட் ஷிஃப்டில் எரர் வந்ததும் ஆன்டிவைரஸை அணைத்துவிடுகிறார்கள். காலையில் யாரும் அதைத் திரும்பப் போடுவதில்லை. அடுத்து வரும் பென் டிரைவ் எதைக் கொண்டுவந்தாலும் கேட்க ஆளில்லை. அணைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேறு வழி சொல்லித்தரவில்லையே!

பெரிய ஆலைகளில் ஐடி துறை உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லம் வடகாலிலும் உள்ள சிறிய சப்ளையருக்கு அது ஏது? அவர்கள் மெஷின் வாங்கும்போதே விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த ஆன்டிவைரஸோடு சோதித்தீர்கள், எந்த ஃபோல்டர்களுக்கு மட்டும் ஸ்கேனில் விலக்கு தர வேண்டும் என்ற பட்டியல். சி டிரைவ் முழுவதுக்கும் விலக்கு கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்டேட்டை முதலில் ஒரு ஸ்பேர் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு, லைன் நிற்கும் விடுமுறை நாளில் மற்றவற்றுக்குப் போடலாம்.