மீனின் ஈரலும் கேடயச் சுரப்பியும்

மனிதனின் கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது கேடயச் சுரப்பி. மீனை அறுத்துப் பார்ப்பவர் இவ்வாறான ஓர் உறுப்பைத் தேடி ஏமாறுவர். என்புமீன்களுட் பெரும்பாலானவற்றில் அது ஓரிடத்தில் திரண்டு நில்லாது, தொண்டையின் அடியில், இதயத்திலிருந்து பூக்களுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாடியை அடுத்து, நுண்ணிய பைகளாகச் சிதறிக் கிடக்கின்றது. சிதறிக் கிடப்பினும் தொழில் ஒன்றே: நீரிலும் இரையிலும் கிடைக்கும் அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குதல்.

1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் அமெரிக்க அறிஞர் கெண்டல் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தது இத்தைரொட்சினையே. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. 1952இல் இலண்டனில் குரோஸ் என்பவரும் பிற் றிவர்ஸ் அம்மையாரும் மூன்று அணுக்களே கொண்ட இன்னொரு வடிவத்தை இனங்கண்டனர். அணு ஒன்று குறைந்திருந்தும் அதன் வலிமையோ பன்மடங்கு மிகுந்திருந்தது. கலங்களின் உள்ளே சென்று வளர்ச்சியை நடத்துவது பெரிதும் இம்மூன்றணு வடிவமே.

மீனின் சுரப்பி வெளிவிடுவது பெரும்பாலும் நான்கணுத் தைரொட்சினே. அப்படியாயின் வலிமையுள்ள வடிவம் எங்கே ஆக்கப்படுகின்றது? இதிலே முதன்மையான பங்கு ஈரலுக்கு உண்டு. தைரொட்சின் மூலக்கூற்றில் இரு வளையங்கள் உள்ளன. வளையத்துக்கு இரண்டாக அயடீன் அணுக்கள் அமைந்திருக்கும். செலனியம் அடங்கிய நொதியமொன்று வெளிவளையத்திலிருந்து ஓரணுவை நீக்கினால் ஓமோன் வலிமை பெறும். உள்வளையத்திலிருந்து நீக்கினாலோ பயனற்ற பொருளே எஞ்சும். ஒரே மூலப்பொருளை உயிர்ப்பிக்கவும் செயலிழக்கச் செய்யவும் ஈரலுக்கு இயலும் என்பதே இங்கு கவனித்தற்குரியது.

மீன் ஈரலில் மிகுந்து காணப்படும் நொதிய வகை, வளர்ந்த பாலூட்டிகளின் ஈரலில் முதன்மை பெறுவதன்று. பாலூட்டிகளில் அது மூளை, கபச் சுரப்பி முதலியவற்றுக்குரியது. தைரொட்சின் மிகச் சிறிதளவாயினும் அதனைப் பற்றிக்கொள்ள வல்லது. எனவே எலியிற் கண்டதை மீனுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது.

வானவில் டிரவுட் மீனைப் பட்டினி போட்டால் ஈரலில் இம்மாற்றம் தாழ்கின்றது. மீண்டும் இரையிட்டால் உயர்கின்றது. உண்ண இல்லாத காலத்தில் வளர்ச்சிக்குச் செலவிடாமை சிக்கனமே அன்றோ! மருந்தினாற் கேடயச் சுரப்பியின் தொழில் தடுக்கப்பட்ட திலாப்பியாவிலோ ஈரலின் வெளிவளைய நொதியம் பெருகுகின்றது. கிடைக்கும் சிறிதளவும் வீணாகாதபடி ஈரல் ஈடுசெய்ய முயல்கின்றது.

ஆகவே குருதியில் உள்ள தைரொட்சினை மட்டும் அளந்து மீனின் நிலையை உரைப்பது அரைகுறைக் கணக்கேயாம். மூன்றணு ஓமோனை டிரவுட் மீனுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தபோது, ஈரல் வெளிவளையத் தொழிலைக் குறைத்து உள்வளையத் தொழிலைக் கூட்டியது. மிகையாக வந்த ஓமோனை அழித்தொழிக்கும் வழி அவ்வாறு திறக்கப்பட்டது.