பிக்கப் இல்லாத கார்... 'இன்ஜினை இறக்கணும்' என்று மெக்கானிக் சொன்னால் உடனே ஓகே சொல்லலாமா?

ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்தும் கார் 60-ஐ தாண்ட மறுக்கிறது. ஏ.சி. போட்டால் இன்னும் மோசம். மெக்கானிக்கிடம் காட்டினால், "இன்ஜின் வீக் ஆயிடுச்சு, இறக்கித்தான் பார்க்கணும்" என்கிறார். திருப்பூர் மாவட்டம் குண்டடம் மாதிரி ஊர்களில் இருந்து பல்லடம், தாராபுரம், திருப்பூர் என காரை நம்பியே ஓடுபவர்களுக்கு இது பெரிய அடி. செலவு ஒரு பக்கம், வண்டி நாள்கணக்கில் நிற்பது இன்னொரு பக்கம்.

ஆனால், இழுவை குறைந்த எல்லா காரிலும் இன்ஜின் போயிருக்காது. எப்படி கண்டுபிடிப்பது?

இன்ஜினுக்கு என்னவெல்லாம் வேணும்?

ஐந்து விஷயங்கள். போதுமான காற்று, போதுமான எரிபொருள், சிலிண்டருக்குள் அழுத்தம், சரியான நேரத்தில் எரிதல், புகை வெளியேற தடையில்லாத வழி. இதில் எது குறைந்தாலும் பிக்கப் போய்விடும். ஆனால், இன்ஜினைத் திறக்கும் பேச்சு பெரும்பாலும் அழுத்தம் குறைந்தால்தான் வரும். மற்ற நான்கையும் பெரும்பாலும் வெளியில் இருந்தே சரிசெய்யலாம்.

இன்ஜினே காரணமா?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். ஆர்.பி.எம். முள் சரசரவென ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால், அது கிளட்ச் வழுக்குவதாக இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாக சூடானால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

அறிகுறிகள் சொல்வது என்ன?

* கருப்புப் புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

* சும்மா நிற்கும்போது சரி, மேடு ஏறும்போது திணறல்: ஃபியூயல் ஃபில்டர் அல்லது பம்ப் மீது சந்தேகம்.

* வண்டி உதறுகிறது, செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு எரிகிறது: ஸ்பார்க் பிளக், காயில் பிரச்னையாக இருக்கலாம். இப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும்.

* திடீரென ஓரளவுக்கு மேல் ஆர்.பி.எம். ஏறவே இல்லை: கார் 'லிம்ப் மோடு'க்குப் போயிருக்கலாம். ஏதோ ஒரு சென்சார் தவறு காட்டியதும், பாதுகாப்புக்காக கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும்.

ஜாப் ஒர்க் ஓட்டம் காரணமாகலாமா?

ஆமாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி அமலில் இருக்கிறது. இந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் 'டி.பி.எஃப்' வடிகட்டி இருக்கும். பிடித்த கரி எரிந்து சுத்தமாக, நல்ல வேகத்தில் தொடர்ச்சியாக கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நிட்டிங், டையிங், செக்கிங் என இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் கரி சேர்ந்து, புகை வெளியேற முடியாமல் இழுவை குறையும். இதுவும் 'இன்ஜின் வீக்' மாதிரியேதான் தெரியும்.

ஸ்கேனர் சொன்னால் முடிவா?

இல்லை. ஸ்கேனர் கோடு வழிகாட்டி மட்டும்தான், தீர்ப்பு அல்ல. உதாரணமாக 'பி0299' என்று வந்தால் டர்போ அழுத்தம் குறைவு என்று அர்த்தம். டர்போ கெட்டிருக்கலாம், ஒரு குழாயின் கிளிப் கழன்றிருந்தாலும் அதே கோடுதான் வரும். கோடை அழிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தவறு பதிவான நேரத்தில் இருந்த வேகம், ஆர்.பி.எம்., சூடு ஆகியவையும் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் எல்லாமே போய்விடும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி

"அண்ணா, கம்ப்ரஷன் ரீடிங் எவ்வளவு வந்துச்சு?" இது ஒன்று போதும்.

பெட்ரோல் கார் என்றால் பிளக்குகளைக் கழற்றி, கேஜ் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்ப்பார்கள். இன்ஜினை இறக்காமலே செய்யும் சோதனை இது. எல்லா சிலிண்டரும் கம்பெனி சொன்ன அளவில், கிட்டத்தட்ட சமமாக இருந்தால் இன்ஜினைத் திறக்க அவசரம் இல்லை. ஒன்று மட்டும் ரொம்ப குறைந்தால், அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

அப்போ மெக்கானிக் சொன்னது தப்பா?

அவசியம் இல்லை. தொடர்ந்து நீலப்புகை, அடிக்கடி ஆயில் குறைவது, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் தெரிவது, இவற்றோடு கம்ப்ரஷனும் குறைவு என்றால் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அனுபவசாலிகள் சத்தத்தை வைத்தே சரியாகச் சொல்வதும் உண்டு. ஆனாலும் பெரிய செலவுக்கு முன்னால் அளந்த எண் கையில் இருப்பது இருவருக்குமே நல்லது. அளக்கத் தயங்கினால், இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

வேலைக்கு விடும் முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும், பில்லையும் கேளுங்கள். சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அப்போது கைகொடுப்பது அந்த பில்தான்.

ஒரு எச்சரிக்கை: ஆயில் லைட் எரிந்தாலோ, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டாலோ, 'ஊர் போய் பார்த்துக்கலாம்' என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி ஆஃப் செய்துவிடுங்கள். அதுவரை நன்றாக இருந்த இன்ஜின்கூட அந்த சில கிலோமீட்டரில் போய்விடும்.