மாகாளிக் கிழங்கை வேரறுக்காதீர்

ஊறுகாய்க்குப் பேர்போன மாகாளிக் கிழங்கு, எருக்கு, நன்னாரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும். கொல்லிமலையின் பாறைச் சரிவுகளில் தானாக வளர்வது. நல்ல விலை கிடைப்பதால் கிழங்கு முழுவதையும் தோண்டிவிடுகிறார்கள். கொடியும் அதோடு அழிகிறது.

ஒரு செடி முன்பு எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி உலர்தாவரத் தாள்கள்தான். பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பார்கள். பிறகு அட்டையில் ஒட்டி, இடம், உயரம், தேதி, உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றை எழுதி வைப்பார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராபினட் உலர்தாவரகத்தில் இருந்துகொண்டு, பாதிரியார் கே.எம். மாத்யூ கொல்லிமலைச் செடிகளையும் இவ்வாறே பதிவு செய்தார்.

ஆனால் தாளில் உள்ள கொடி முளைக்காது. ஆகவே மலை உழவர்கள் செய்ய வேண்டியவை:

* கிழங்குக் கொத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மீதியை மண்ணால் மூடவும்.
* முற்றிய காய்களை வெடிக்குமுன் பறித்து, விதையிலுள்ள பஞ்சை நீக்கி, தாமதமின்றி நாற்றங்காலில் விதைக்கவும்.
* நாற்றுகளைத் தோட்ட வேலியோரம் நட்டுப் படரவிடவும்.

வேலியில் கிழங்கு விளைந்தால் காட்டுக் கொடி பிழைக்கும், வருமானமும் நிலைக்கும்.